காதுக்கு எட்டியவரை – 11: எத்தனை மைக் திறந்திருக்கிறது?

நீளமான ஒரு மேசை, பின்னால் ஆறு நாற்காலிகள், ஒவ்வொருவர் முன்னும் ஒரு மைக், ஓரத்தில் தொகுப்பாளருக்கு ஒன்று, கேள்வி கேட்பவர்களிடம் கொடுக்க ஒரு கார்ட்லெஸ். புத்தக வெளியீடு முதல் மருத்துவக் கருத்தரங்கம் வரை இன்றைய கலந்துரையாடல் மேடை ஏறக்குறைய இப்படித்தான் அமைகிறது. சென்ற இதழில் பார்த்த ஒற்றைப் பேச்சாளர் மேடையைவிட இங்கே கருவிகள் அதிகம், வாடகையும் அதிகம். ஆனால் அந்த மேடையில் கிடைத்த தெளிவு இங்கே கிடைப்பதில்லை. பின்வரிசையில் ஒருவர் ‘சத்தம் பத்தலை’ என்று கையைத் தூக்குவார். ஆபரேட்டர் மாஸ்டரை ஏற்றுவார். ஸ்பீக்கர் கூவும். இறக்குவார். மறுபடி கை உயரும். மைக் மட்டம், ஸ்பீக்கர் மட்டம், மண்டபத்தில் எக்கோ என்று பழி எங்கெங்கோ போகும். அதிலெல்லாம் உண்மை கொஞ்சம் இருக்கலாம். ஆனால் பெரும்பாலான கலந்துரையாடல் மேடைகளைக் கெடுக்கும் முதல் காரணம் வேறு: பேசாதவர்களின் மைக்குகள் திறந்து கிடக்கின்றன. யாருடைய மைக்கை எவ்வளவு ஏற்றுவது என்பதைவிட, பேசாமல் இருப்பவரின் மைக்கை எவ்வளவு அடக்கி வைப்பது என்பதில்தான் இந்த வேலையின் சூட்சுமம் இருக்கிறது.

ஸ்பீக்கர் ஏன் கூவுகிறது என்பதிலிருந்தே இதைத் தொடங்கலாம். ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் ஒலி மண்டபத்தைச் சுற்றி மைக்குக்குள் திரும்பி நுழைகிறது. பெருக்கியின் வழியாக மறுபடி ஸ்பீக்கருக்கே போகிறது. ஒரு சுற்று முடிந்து திரும்பும்போது, கிளம்பிய அளவுக்குக் குறையாமல் இருந்துவிட்டால் போதும், ஏதோ ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு அந்த ஒலி தானே வளரும். டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சன் பெயரால் லார்சன் விளைவு என்று குறிப்பிடப்படுவது இதுதான். ஒரு மைக் திறந்திருந்தால் ஒலி திரும்பி வர ஒரே வழி. இரண்டு திறந்திருந்தால் இரண்டு வழி. ஒரே அளவில் திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், கூவாமல் ஏற்றக்கூடிய அளவு ஏறத்தாழ 3 டெசிபல் குறைகிறது. இரண்டு மைக்குக்கு 3, நான்குக்கு 6, எட்டுக்கு 9. ஏறக்குறைய 10 டெசிபல் இறங்கினால் சத்தம் பாதியாகிவிட்டதாகக் காது உணரும். ஆகவே எட்டு மைக்கையும் திறந்து வைத்திருப்பவர், தன் ஸ்பீக்கர் தரக்கூடிய சத்தத்தில் கிட்டத்தட்டப் பாதியை எடுத்த எடுப்பிலேயே இழந்துவிடுகிறார். அப்புறம் மாஸ்டரை எவ்வளவு ஏற்றினாலும் அந்தக் கணக்கு மாறாது. இரைச்சலுக்கும் இதே கணக்குதான். மின்விசிறி, ஏசி, சுவரில் பட்டுத் திரும்பும் பேச்சின் எதிரொலி எல்லாம் எட்டு மைக்குகள் வழியாகவும் புகுந்து, பேசுபவரின் சொற்கள் மீது படிகின்றன. மண்டபத்தில் எக்கோ என்று நாம் குறைபட்டுக்கொள்வதில் ஒரு பங்கு மேசைமீது சும்மா நிற்கும் மைக்குகளின் உபயம்.

எண்ணிக்கையோடு தூரமும் சேர்ந்துகொள்கிறது. பேசுபவரின் குரல் அவருடைய மைக்கில் முதலில் விழுகிறது. ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் பக்கத்து மைக்கில் ஏறத்தாழ 3 மில்லி விநாடி பிந்தி விழுகிறது. இரண்டையும் கலக்கும்போது, சில அலைவரிசைகளில் இரண்டும் ஒன்றையொன்று கூட்டுகின்றன, சிலவற்றில் ஒன்றையொன்று அழித்துப் பள்ளம் விழுகிறது. இந்தத் தாமதத்துக்கு முதல் பள்ளம் 170 ஹெர்ட்ஸ் அருகே விழும். அதற்குமேல் 340 ஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளங்கள். மனிதக் குரலின் பெரும்பகுதி இந்தப் பள்ளங்கள் விழும் பரப்பில்தான் இருக்கிறது என்பதால் பேச்சு குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. ஈக்வலைசரைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. பேசுபவர் தலையைக் கொஞ்சம் திருப்பினாலே பள்ளங்கள் இடம் மாறிவிடும். இதற்காகத்தான் மூன்றுக்கு ஒன்று என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு தூரம் இரண்டு மைக்குகளுக்கு இடையே இருக்க வேண்டும். அப்போது பக்கத்து மைக்கில் விழும் குரல் ஏறத்தாழ 9.5 டெசிபல் குறைந்திருக்கும். பள்ளங்களின் ஆழம் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிடும். விதி நல்ல விதிதான். மேடையில்தான் அது நிற்பதில்லை. வாய் 20 சென்டிமீட்டரில் இருந்தால் பக்கத்து மைக் 60 சென்டிமீட்டரில் இருந்தால் போதும், நாற்காலி இடைவெளியே அதைத் தந்துவிடும். ஆனால் கால் மணி நேரம் போனதும் பேசுபவர் நாற்காலியில் சாய்ந்துகொள்வார். வாய்க்கும் மைக்குக்கும் 60 சென்டிமீட்டர் ஆகிவிடும். இப்போது மைக்குகளுக்கு இடையே 1.8 மீட்டர் வேண்டும். ஆறு பேருக்கு அவ்வளவு நீள மேசை எந்த மேடையிலும் இல்லை. அதோடு, 20-லிருந்து 60-க்குப் போனதால் அவருடைய மைக்கிலேயே குரல் 9.5 டெசிபல் சரிந்துவிட்டது. ஆபரேட்டர் அதை ஈடுகட்ட ஏற்றுவார். கூவலுக்கான கதவும் கூடவே திறக்கும்.

இவ்வளவு தெரிந்தும் மைக்குகள் ஏன் திறந்தே கிடக்கின்றன? அலட்சியம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நியாயமாகாது. நம்மூரில் ஒலி வேலை பார்ப்பவர்களில் பலர் மெல்லிசைக் கச்சேரிகளில் கை பழகியவர்கள். கச்சேரியில் எல்லா மைக்கும் எல்லா நேரமும் வேலை செய்கிறது. தபேலாவின் மைக்கில் கீபோர்டு கொஞ்சம் கசிந்தாலும் பாட்டுக்குக் கேடில்லை. கலந்துரையாடலோ நேர் எதிரானது: ஒரு மைக் உழைக்கும்போது மற்றவை சும்மா இருக்கின்றன, அடுத்து உழைக்கப்போவது எது என்று முன்கூட்டித் தெரியாது. மேலும், ஒரு மைக் கூடுதலாகத் திறந்திருந்ததற்காக ஆபரேட்டரை யாரும் திட்டுவதில்லை. மூடிய மைக்கில் பிரமுகர் பேசத் தொடங்கிவிட்டால் மண்டபமே திரும்பிப் பார்க்கும். அந்தப் பயம் நியாயமானது. அதற்கு விடை சொல்லாமல் ‘மூடி வையுங்கள்’ என்று மட்டும் அறிவுரை சொல்வது பயன்படாது.

நல்ல ஆபரேட்டராக இருந்தால் கையாலேயே திறந்து மூடிவிடலாமே என்பார்கள். முடியும், ஒழுங்கு இருக்கும் அவையில். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பொதுச்சபையில் மைக்குகள் கூரையிலிருந்து தொங்குகின்றன. ஸ்பீக்கர்கள் உறுப்பினர்கள் அமரும் பெஞ்சுகளின் முதுகிலேயே பதிக்கப்பட்டிருக்கின்றன. சபாநாயகர் பெயர் சொல்லி அழைத்தவருக்கு அருகிலுள்ள மைக்கை ஆபரேட்டர் திறக்கிறார். அங்கே அது நடப்பதற்குக் காரணம், யார் பேசப்போகிறார் என்பது ஆபரேட்டருக்கு முன்னதாகவே அறிவிக்கப்படுவதுதான். நம் பட்டிமன்றத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போடியத்தில் நிற்பவர் ஒரு வரியை முடித்த அடுத்த நொடியில் நடுவர் ஒன்று சொல்ல வேண்டும். அது அரை நொடி பிந்தினாலும் சிரிப்பு எழாது. எதிரணியில் ஒருவர் உட்கார்ந்தபடியே குறுக்கிட்டால், அந்தக் குறுக்கீட்டுக்கு யாரும் பெயர் சொல்லி அனுமதி தருவதில்லை. ஒலியைக் கேட்டு உடனே விரலை அசைக்கவே மனிதருக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் வேண்டும். எட்டு ஃபேடர்களில் எது என்று தேட இன்னும் கொஞ்சம். சாதாரணப் பேச்சில் ஓர் அசைக்கு ஆகும் நேரமும் ஏறக்குறைய அந்த ஐந்தில் ஒரு பங்குதான். எவ்வளவு கைதேர்ந்த ஆபரேட்டரானாலும், குறுக்கிட்டவரின் முதல் ஓரிரு அசைகள் போய்விடும். குறுக்கீடு என்பதே பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்கள். அதில் முதல் சொல் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

அப்படியானால் தானாகத் திறந்து மூடும் கேட் போதும் என்பது இன்னொரு யோசனை. மைக்கில் விழும் ஒலி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கேட் திறக்கும். அதற்குக் கீழே இறங்கினால் மூடும். டிரம்ஸுக்கு இது அருமையான கருவி. பேச்சுக்கு, குறிப்பாகத் தமிழ்ப் பேச்சுக்கு, இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. ஆமா, இல்லையா என்பது அந்த வினையின் கடைசி அசைகளில் இருக்கிறது. ‘இதை ஏற்றுக்கொள்ள முடியும்’ என்பதற்கும் ‘முடியாது’ என்பதற்கும் இடையில் வேறுபாடு கடைசியில்தான். நாம் வாக்கியத்தை முடிக்கும்போது குரல் இயல்பாகத் தாழ்கிறது. முதியவர்களுக்கும் மென்குரல்காரர்களுக்கும் இன்னும் அதிகமாகத் தாழும். கேட் மூடுவது சரியாக அந்த இடத்தில். பேச்சாளர் மறுத்தாரா ஒப்புக்கொண்டாரா என்று பின்வரிசைக்குத் தெரியாமல் போய்விடும். மூடும் நேரத்தை நீட்டி வைக்கலாம்தான். ஆனால் நீட்ட நீட்ட, பல கேட்டுகள் ஒரே சமயத்தில் திறந்து கிடக்கும், பழைய சிக்கல் திரும்பி வரும். மின்விசிறி இரைச்சலும் கைதட்டலும் அளவுக்கோட்டை அடிக்கடி தாண்டி, யாரும் பேசாத மைக்குகளைத் திறந்து விடுவது வேறு.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வர வழி சொன்னவர் சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த டான் டூகன். நாடக மேடைகளுக்கு ஒலி அமைத்தவர். 1970-களின் நடுப்பகுதியில் அவர் உருவாக்கிக் காப்புரிமை பெற்ற தானியங்கிக் கலவை முறை, எந்த மைக்கையும் திறப்பதுமில்லை, மூடுவதுமில்லை. எல்லா மைக்குகளிலும் சேர்ந்து இந்தக் கணத்தில் எவ்வளவு ஒலி வருகிறது, அதில் இந்த மைக்கின் பங்கு எவ்வளவு என்று பார்க்கிறது. பங்கு எவ்வளவோ அவ்வளவு இடம் கொடுக்கிறது. நான்கு பேர் மேடையில் இருக்கிறார்கள், யாரும் பேசவில்லை என்றால், நான்கு மைக்கும் தலா 6 டெசிபல் இறங்கி நிற்கும். ஒருவர் பேசத் தொடங்கினால் அவருடைய மைக் முழு அளவுக்கு வந்துவிடும். அவர் குரல் பக்கத்து மைக்கில் 20 டெசிபல் குறைவாக விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மைக்கை இந்த முறை மேலும் 20 டெசிபல் இறக்கும். ஆகக் கலவையில் அந்தக் கசிவு 40 டெசிபல் கீழே போய்விடுகிறது. மேலே சொன்ன பள்ளங்கள் அந்த அளவில் காதுக்குத் தெரியவே தெரியாது. இரண்டு பேர் சம அளவில் மோதிக்கொண்டால் தலா 3 டெசிபல் இறங்குவார்கள், இருவருமே கேட்பார்கள். எந்த நிலையிலும் எல்லா மைக்குகளின் மொத்தப் பெருக்கமும் திறந்திருக்கும் ஒரே ஒரு மைக்குக்குச் சமமாகவே நிற்கிறது என்பதுதான் இதன் அழகு. எட்டு மைக் வைத்தாலும் எட்டால் வரும் அந்த 9 டெசிபல் இழப்பு வராது. அளவுக்கோடு என்று ஒன்றே கிடையாது என்பதால், தாழ்ந்த குரலில் முடியும் ‘முடியாது’ வெட்டுப்படுவதில்லை. மற்றவர்கள் மௌனமாக இருக்கும்வரை, மெல்லிய குரலுக்கும் அந்தக் கணத்தில் பெரும் பங்கு கிடைத்துவிடும். இந்தக் கணக்கை முதன்முதலாகப் புரிந்துகொள்ளும் எவருக்கும், இவ்வளவு எளிய ஒரு யோசனை இவ்வளவு சிக்கல்களை ஒருசேரத் தீர்க்கிறதே என்ற வியப்பு வராமல் போகாது.

ஆனால் பங்கைப் பார்த்து இடம் கொடுக்கும் முறை, குரலை உயர்த்துபவருக்கே மேடையைக் கொடுத்துவிடாதா? இதுதான் இதன்மீது வைக்கக்கூடிய வலுவான குற்றச்சாட்டு, இதில் உண்மையும் இருக்கிறது. கணீரென்ற குரல்காரர் ஒருவரும் மெதுவாகப் பேசும் ஒருவரும் ஒரே சமயத்தில் பேசினால், மைக்குகளில் விழும் அளவை அப்படியே ஒப்பிட்டால் மெதுவாகப் பேசுபவர் தோற்பார். இதைத் தடுக்க வேண்டிய இடம் ஒவ்வொரு சேனலின் தொடக்கத்திலும் இருக்கும் கெயின் குமிழ். நிகழ்ச்சிக்கு முன் ஒவ்வொருவரையும் அவரவர் இருக்கையில் உட்காரவைத்து, அவரவர் இயல்பில் பேசவைத்து, கருவிக்குள் நுழையும்போது எல்லாக் குரலும் சம உயரத்தில் இருக்கும்படி செய்துவிட வேண்டும். நாம் வழக்கமாகச் செய்வது என்ன? ஆபரேட்டரின் உதவியாளர் ஒவ்வொரு மைக்காகப் போய் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு வருகிறார். அவர் குரலுக்கு எல்லா மைக்கும் சமம். பேசப்போகிறவர்களின் குரலுக்குச் சமமில்லை. அடுத்து, டூகன் முறையில் ஒவ்வொரு மைக்குக்கும் எடை என்று ஒரு சிறு சலுகை கொடுக்க வசதி உண்டு. தொகுப்பாளருக்கு அதைச் சற்றே கூட்டி வைத்தால், இருவர் மோதும்போது அவர் குரல் ஊடே நுழையும். யாருக்கு எவ்வளவு எடை என்பது மனிதர் எடுக்க வேண்டிய முடிவு. மிரட்டலாகப் பேசிப் பேசியே அடுத்தவரை அடக்கும் ஒருவர் மேடையில் இருந்தால், அவருடைய ஃபேடரைக் கொஞ்சம் இறக்கி வைப்பதும் மனிதரின் வேலைதான். நொடிக்கு நொடி எதைத் திறப்பது என்ற ஓட்டத்திலிருந்து கை விடுபட்டால்தான், யார் குரல் அமுங்குகிறது என்று கேட்க ஆபரேட்டரின் காதுக்கு நேரம் கிடைக்கும். இயந்திரம் வந்தால் ஆபரேட்டருக்கு வேலை போய்விடும் என்பவர்களுக்கும் என் பதில் இதுவே.

செலவு பெரிய தடை இல்லை. நம்மூரில் வாடகைக்குக் கிடைக்கும் பெஹ்ரிங்கர் எக்ஸ்32 மிக்ஸரின் முதல் 8 சேனல்களில் இப்படி ஒரு தானியங்கி வசதி இருக்கிறது. யமஹாவின் க்யூஎல் வரிசையில் டூகனின் முறையே பதிந்து வருகிறது. கல்யாண மண்டபத்தோடு வரும் பழைய அனலாக் மிக்ஸர்தான் கிடைத்தது என்றாலும் கைவிட வேண்டியதில்லை. பேசாதவர்களின் ஃபேடர்களை முழுவதும் மூடாமல் 10 முதல் 15 டெசிபல் வரை இறக்கி வைத்தால், அவை கூவலுக்கோ இரைச்சலுக்கோ பெரிதாகப் பங்களிக்காது. எதிர்பாராமல் ஒருவர் பேசிவிட்டால் முதல் சொல் தாழ்ந்து கேட்கும், காணாமல் போகாது. பார்வையாளர் கேள்விக்கான கார்ட்லெஸ்ஸுக்கு மட்டும் இந்தச் சலுகை கூடாது. அதை வாங்குபவர் பெரும்பாலும் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்பார். அதன் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பார். பின்பக்க ஒலியை ஒதுக்குவதற்காக அந்த மைக்கில் வைத்திருக்கும் துளைகள் அடைபட்டு, அது எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கத் தொடங்கிவிடும். கேள்வி தொடங்கும்போது திறந்து, முடிந்ததும் மூடிவிடுவதே சரி.

தானியங்கிக் கலவையால் ஆகாததும் உண்டு. மைக் இருக்கும் இடம் தவறு என்றால் எந்தக் கணக்கும் அதைத் திருத்தாது. மேசை மைக்கை விட்டுவிட்டு ஆளுக்கொரு காலர் மைக் மாட்டிவிட்டால், சாய்ந்து உட்காரும் தொல்லை தீரும் என்பது உண்மை. வாய்க்கும் மைக்குக்கும் தூரம் மாறாது. ஆனால் பெரும்பாலான காலர் மைக்குகள் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்குபவை. வாயின் நேர் எதிரே இல்லாமல் மார்பில் இருப்பதால் ச, ஸ போன்ற ஒலிகளின் கூர்மை குறைந்தே கிடைக்கும். நம் மேடைகளில் இன்னொன்றும் நடக்கிறது. மைக்கைப் பார்த்துப் பார்த்துப் பொருத்தி முடித்த பிறகு, வரவேற்புக் குழுவினர் வந்து பொன்னாடை போர்த்துவார்கள். ஜரிகை மைக்மேல் உரசும், குரல் மங்கும், அந்த மங்கலை ஈடுகட்ட ஆபரேட்டர் கெயினை ஏற்றுவார். பொன்னாடையை மடித்து மேசைமேல் வைத்ததும் அதே கெயினில் ஸ்பீக்கர் கூவும். பேச்சு தொடங்குமுன் மரியாதைகளை முடித்து, அதன் பிறகு மைக் பொருத்தும்படி நிகழ்ச்சி நிரலை அமைக்க ஏற்பாட்டாளர்கள் மனம் வைத்தால் போதும். கருவிகளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் இந்தச் செலவில்லாத மாற்றத்தைச் செய்யாமலிருப்பது வருத்தமாக இருக்கிறது.

மண்டபத்துக்குப் போகும் கலவையையே யூடியூப் நேரலைக்கும் அனுப்பிவிடலாமா என்பது மிச்சமிருக்கும் கேள்வி. கூடாது என்பதற்குக் காரணம் சிறிய அரங்குகளில் தெளிவாகத் தெரியும். கணீர்க் குரல்காரரின் பேச்சு பாதி ஸ்பீக்கர் இல்லாமலேயே முன்வரிசைகளுக்குக் கேட்டுவிடும் என்பதால், மண்டபக் கலவையில் அவர் ஃபேடர் இறங்கித்தான் இருக்கும். அந்தக் கலவை அப்படியே வீட்டுக்குப் போனால், அரங்கில் உரக்கக் கேட்டவர் கைபேசியில் அமுங்கிக் கேட்பார். அதோடு, மண்டபத்தில் இருப்பவர்களுக்குச் சிரிப்பும் கைதட்டலும் நேரே கேட்கின்றன. பேசாத மைக்குகளை நாம் அடக்கி வைத்த பிறகு, நேரலையில் அந்தச் சிரிப்பும் கைதட்டலும் ஏறக்குறைய மறைந்துவிடும். நடுவரின் பதிலடிக்கு மண்டபமே குலுங்கியது வீட்டிலிருப்பவருக்குத் தெரியாது. எனவே நேரலைக்கு மிக்ஸரின் ஆக்ஸ் என்ற துணை வெளியீட்டின் வழியாகத் தனிக் கலவை வேண்டும். கூட்டத்தை நோக்கி ஒரு மைக்கை வைத்து, அதை மண்டப ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் அந்த ஆக்ஸுக்கு மட்டும் அனுப்ப வேண்டும். அந்த மைக்கை எங்கே வைப்பது, மேடைப் பேச்சோடு அது சேரும்போது வரும் தாமதத்தை எப்படிக் கையாள்வது என்பவற்றை அடுத்த இதழில் பார்க்கலாம்.

(தொடரும்)